ஐந்து இல்லாத பலகை

அந்த வாளித் தொழிற்சாலையில் எல்லோரையும்விட அதிக மரியாதையோடு நடத்தப்பட்டது ஒரு பலகை. முன்வாசலில், பன்னிரண்டு அடி உயரத்தில், இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே அது நின்றது. 'விபத்தில்லாத நாட்கள்' என்று பச்சை எழுத்து. கீழே மூன்று கொக்கிகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய ஒரு தகரத் தகடு. மழை பிடித்தால் மேனேஜர் முதலில் ஓடிப் பார்ப்பது அந்தப் பலகையைத்தான். மெஷின் ஷெட்டின் கூரை மூன்று வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது, ஆனால் அது உள்ளே இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

தினமும் காலை ஆறு ஐம்பதுக்கு, சங்கு ஊதுவதற்கு முன்னால், ஒயர்மேன் ஏணியைத் தூக்கி வந்து பழைய எண்ணைக் கழற்றிப் புதிய எண்ணை மாட்டுவான். அவனை எல்லோரும் ஒயர்மேன் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அவன் பெயருக்கு வேலை இருக்கவில்லை. மின்சார வேலைக்கும் பலகைக்கும் என்ன சம்பந்தம் என்று ஆரம்பத்தில் அவனும் கேட்டுத்தான் பார்த்தான். "ஏணி உன் டிபார்ட்மென்ட்ல இருக்கு, அப்ப ஏறுறவனும் நீதானே?" என்றார் மேனேஜர். இவ்வளவு தெளிவாக ஒருவர் பேசிய பிறகு மேலே என்ன கேட்பது?

எண் ஏறிக்கொண்டே போனதில் ஒரு சூட்சுமம் இருந்தது. வாளி வார்க்கும் மோல்டிங்கில் ஒருத்தருக்குக் கை வெந்தால் அவர் வீட்டுச் சமையலறையில் சுட்டுக்கொண்டவர் ஆவார். கிரைண்டரில் விரல் நசுங்கியவர் வீட்டுக் கதவில் நசுக்கிக்கொண்டவர் ஆவார். பலகையை நம்பினால், உலகத்திலேயே ஆபத்தான இடம் தொழிலாளர்களின் வீடுகள்தான். பாவம், அவர்கள் தினமும் எட்டு மணி நேரம் தொழிற்சாலைக்குள் வந்து உயிர் தப்பினார்கள். ஒயர்மேனுக்கும் இது தெரியும். தெரிந்துதான் தினமும் மேலே ஏறி அடுத்த எண்ணை மாட்டினான்.

முந்நூற்று அறுபத்தைந்தாவது நாள் வந்தது. ஒரு வருஷம் முழுசாக விபத்தில்லாமல் போனால் ஆளுக்கு ஒரு பிளாஸ்க் தருவதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. பத்து மணிக்குப் பெரிய முதலாளி நேரில் வருகிறார். வாசல் முழுக்க சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்திருந்தார்கள். ஒயர்மேன் ஏணியைச் சாய்த்துப் பார்த்தான், கால் நிற்கவில்லை.

"சார், தரை வழுக்குது. ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் குடுங்க சார்."

"ஒரு நிமிஷ வேலைக்கு ரெண்டு ஆளா? அப்புறம் ஏணியைப் பிடிக்கிற ஆளைப் பிடிக்க இன்னொரு ஆள் கேப்பே. ஏறுப்பா சீக்கிரம்."

ஏறினான். நான்கைக் கழற்றி ஏணியின் பக்கத்தில் தொங்கவிட்டான். முந்தின நாள் அவனே துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்த ஐந்தைக் கொக்கி அருகே கொண்டுபோனான். ஏணி கீழே சறுக்கியது. ஏணி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இரண்டு குதிகாலும் சிமெண்டில் மோதிய சத்தம் மோல்டிங் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அதன்பின் எவருக்கும் எதுவும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

எட்டுப் பேர் ஓடி வந்தார்கள். மேனேஜரும் வந்தார், அவன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவன் உயரத்துக்கு இறங்கி வந்தது அன்றுதான்.

"தம்பி, இன்னைக்கு மட்டும் மானத்தைக் காப்பாத்துப்பா. முந்நூறு பேரோட பிளாஸ்க் உன் கையில இருக்கு. ஆஸ்பத்திரியில கேட்டா வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு. மத்ததெல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

வலியில் அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தான். எல்லோரும் அவன் காலைப் பார்த்துவிட்டு, அண்ணாந்து பலகையைப் பார்த்தார்கள். நம்மால் இவர்களுக்குக் கிடைக்க வேண்டியது கெட்டுப்போக வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. பிற்பாடு இதை நினைக்கும்போதெல்லாம் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

கம்பெனி வேனில் கம்பெனி பெயர் இருப்பதால் வாடகை வண்டி பிடித்து அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட நர்ஸ் அவன் கையை விரித்தபோதுதான் அதில் இன்னும் ஒரு தகடு இருப்பது தெரிந்தது. ஓரம் வளைந்த ஐந்து.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"ரெண்டு குதிகாலும் நொறுங்கியிருக்கு. உயரத்துல இருந்து விழுறவங்களுக்குத்தான் இப்படி ஆகும். எங்க விழுந்தீங்க?"

"வீட்டு பாத்ரூம்ல சார்."

"உங்க பாத்ரூம் எத்தனாவது மாடி?"

"தரைதான் சார்."

"தரையில இருந்து எங்க விழுந்தீங்க?"

"தரைக்குத்தான் சார்."

டாக்டர் பேனாவைத் திறந்து, சொன்னதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினார்.

அவன் மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தாள். ஊசியும் கத்தரியும் பிடித்த கை, பேச்சும் அப்படித்தான். தகவல் கிடைத்துக் கழுத்தில் இஞ்ச் டேப்போடு அப்படியே ஓடி வந்தவள், கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"காலையில ஆறு மணிக்கு டிபன் பாக்ஸோட சைக்கிள்ல போனீங்க. திரும்பி வந்து நம்ம பாத்ரூம்ல எப்ப விழுந்தீங்க? நான் வீட்டுலதான இருந்தேன், ஒரு வார்த்தை சொல்லிட்டு விழுந்திருக்கலாமே."

நடந்ததைச் சொன்னான். அவள் அழவில்லை. வளைந்த தகட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

விழா சிறப்பாக நடந்தது. ஏணியை ஷெட்டுக்குள் ஒளித்துவிட்டார்கள். ஐந்தும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. ஆகவே பெரிய முதலாளி, '36' என்று காட்டிய பலகையின் கீழே நின்று, முந்நூற்று அறுபத்தைந்து நாள் சாதனையைப் பாராட்டி முக்கால் மணி நேரம் பேசினார். சாயங்காலம் உடன் வேலை செய்பவர்கள் நாலு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்து, அவனுக்குச் சேர வேண்டிய பிளாஸ்க்கையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு, விபத்தில்லாமல் உழைத்ததற்கான பரிசை மார்பில் வைத்துக்கொண்டு அவன் படுத்திருந்தான். நல்ல பிளாஸ்க் என்றே சொல்ல வேண்டும், எட்டு மணி நேரம் சூடு தாங்கும் என்று போட்டிருந்தது.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். இடது கால் தேறிவிட்டது. வலது குதிகால் கோணலாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது, ஏணி என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார் டாக்டர். ஒயர்மேனுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை எதுவும் தெரியாது. அந்த ஆபரேஷனுக்கான செலவு, ஒன்று கம்பெனி தர வேண்டும், இல்லை என்றால் அவன் தையல் மெஷினையும் விற்று, அதுவும் போதாமல் நிற்க வேண்டும். கம்பெனி பாத்துக்கும் என்று சொன்ன மேனேஜருக்குப் போன் செய்தான்.

"எந்த விபத்துப்பா?" என்றார் மேனேஜர். குரலில் உண்மையான அக்கறை இருந்தது. "நம்ம கம்பெனியில விபத்தே கிடையாதே. பலகையைப் பாக்கலையா நீ?"

அந்தப் பலகையை அவன் பார்க்கவில்லையாம். போனை வைத்துவிட்டான்.

அன்று ஓடி வந்த எட்டுப் பேரில் ஒருவன் பக்கத்துத் தெருவில் இருந்தான். சாட்சி சொல்ல முடியுமா என்று ஒயர்மேன் கேட்டான். அவன் நிமிர்ந்து பார்க்காமலே, "பிளாஸ்க் வாங்கிட்டேனேப்பா, இப்ப எப்படி?" என்றான். மாப்பிள்ளை மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியவன்.

மனைவி இழப்பீடு கேட்டுக் கம்பெனிக்கு மனு எழுதினாள். அதை விசாரிக்க இன்சூரன்ஸ் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நேராக பாத்ரூமுக்குப் போனார். போனார் என்பதைவிட, எட்டிப் பார்த்தார் என்பதே சரி. இரண்டு பேர் உள்ளே நிற்க அங்கே இடம் இல்லை.

"இங்கதான் விழுந்தாரா?"

"நீங்களே பாருங்க சார்," என்று மனைவி கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். "நீளம் நாலடி, அகலம் மூணடி. கூரை ஆறே முக்கால். நின்னா முழங்கை ரெண்டு பக்கமும் இடிக்கும். இதுக்குள்ள ஒரு மனுஷன் ரெண்டு குதிகாலும் நொறுங்குற மாதிரி விழணும். எப்படின்னு எனக்கும் தெரிஞ்சிக்க ஆசையா இருக்கு. நான் வெளியில நிக்கிறேன், நீங்க ஒருதரம் விழுந்து காட்டுங்க சார்."

அவர் விழுந்து காட்டவில்லை. நோட்டில் 'குளியலறைத் தரை ஈரமாக உள்ளது' என்று எழுதிக்கொண்டார். ஈரமில்லாத குளியலறையை அவர் எங்கே பார்த்தாரோ! இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: 'மனுதாரரின் வாக்குமூலப்படியே சம்பவம் அவரது குளியலறையில் நிகழ்ந்துள்ளது. மேற்படி குளியலறைக்கும் நிறுவனத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

ஒயர்மேன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மனைவி விடவில்லை, தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகத்தில் மேல்முறையீடு செய்தாள். கையில் ஆதாரம் என்று ஒரு எக்ஸ்ரே, ஒரு இஞ்ச் டேப், தண்ணீர்க் குடத்துக்கு மூடியாகக் கிடந்த ஒரு தகடு. குடத்தின் வாய்க்கு அது அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

அந்தப் பக்கம் கம்பெனிக்கும் ஒரு கஷ்டம் வந்திருந்தது. ஒவ்வொரு கொக்கிக்கும் தனி செட், ஒரு செட்டில் ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு தகடு. கடைசிக் கொக்கியின் ஐந்து ஒயர்மேன் வீட்டில் குடத்தின் மேல் இருந்தது. ஆகவே பலகையில் முந்நூற்று எழுபத்துநான்கு இரண்டு நாள் நின்றது, பிறகு எழுபத்தாறு வந்தது. எண்பத்துநான்கும் அப்படியே, தொண்ணூற்றுநான்கும் அப்படியே. அந்தத் தொழிற்சாலையில் காலம் பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வெடுத்தது.

புது ஐந்து வாங்குவது லேசு இல்லை. காரணம், ஸ்டோர் கீப்பர். முப்பது வருஷமாக ஸ்டோரில் உட்கார்ந்திருப்பவர். 'ரெஜிஸ்டர்' என்று பட்டப்பெயர். ஒரு திருகாணி தொலைந்தாலும் எங்கே, எப்போது, யாரால், எதனால் என்ற நான்கு கட்டமும் நிரம்பாமல் இன்னொன்று தரமாட்டார். பொருளை எடுத்துப் போனவருக்கு முதலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது விதி. நோட்டீஸை அவரே எழுதுவார், மேனேஜர் கையெழுத்துப் போடுவார். ஸ்டோரிலிருந்து தினமும் முப்பது காகிதம் வரும். மேனேஜர் முப்பதிலும் டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுவார். படிப்பது அவர் வேலை இல்லை.

அந்த நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தது. ஒயர்மேன் முதல் வரியைப் பார்த்ததுமே ஆடிப்போனான்.

"தகட்டைக் கேக்குறாங்க. திருட்டுப் பட்டம் வேற கட்டிடுவாங்க. முதல்ல கொண்டுபோய்க் குடுத்திடு."

மனைவி வாங்கிப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"குடுக்கலாங்க. கேக்க வேண்டிய இடத்துல கேக்கட்டும், அங்க வெச்சுக் குடுக்கலாம்."

விசாரணை நாள் வந்தது. இழப்பீட்டு அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுபவர். ஒரு பக்கம் மேனேஜரும் கம்பெனி வக்கீலும். மறுபக்கம் ஊன்றுகோலோடு ஒயர்மேன், பக்கத்தில் மனைவி, அவள் மடியில் துணிப்பை.

"மனுதாரரே அவர் வாயால பாத்ரூம்னு சொல்லியிருக்கார் மேடம்," என்றார் வக்கீல். "இதுக்கு மேல என்ன வேணும்?"

அதிகாரி ஒயர்மேனைப் பார்த்தார். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"மேனேஜர் சார் சொல்லச் சொன்னார் மேடம். அன்னைக்கு எல்லாருக்கும் பிளாஸ்க் குடுக்கறதா இருந்தாங்க."

"பிளாஸ்க்குக்காகவா?"

அந்த அறையில் வைத்துக் கேட்கும்போதுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா மேடம். தப்புதான்."

மனைவி எழுந்து பாத்ரூமின் நீள அகலத்தைச் சொன்னாள். டாக்டர் தந்த சான்றிதழைக் கொடுத்தாள். கடைசியில் பையிலிருந்து தகட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஐந்து ஒருபக்கம் வளைந்து, அதிகாரியைப் பார்த்துச் சாய்ந்து நின்றது.

வக்கீல் துள்ளி எழுந்தார். "இது கம்பெனி சொத்து மேடம்! இவர் எப்ப வேணா எடுத்துட்டுப் போயிருக்கலாம். இதைத் திருப்பிக் கேட்டு நாங்களே நோட்டீஸ் அனுப்பியிருக்கோம். இதோ, காப்பி."

"நல்லதாப் போச்சு," என்றார் அதிகாரி. "படிங்க."

வக்கீல் கணீரென்று படிக்க ஆரம்பித்தார். "தாங்கள் இந்தத் தேதி காலை ஆறு ஐம்பது மணிக்கு, முன்வாசல் பலகையில் எண் மாற்றும்போது, ஏணியை யாரும் பிடிக்காத காரணத்தால்..." குரல் கொஞ்சம் இறங்கியது. "...பத்தடி உயரத்திலிருந்து விழுந்து, வாடகை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, தங்கள் கையிலேயே இருந்த எண் ஐந்து தகடு ஒன்றை..." அதற்கு மேல் அவர் வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டார்.

"சத்தமா," என்றார் அதிகாரி. "கையெழுத்து யாரோடது?"

வக்கீல் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார்.

"மேடம், நான்... ஸ்டோர் காகிதம் எல்லாம் நிறைய வரும் மேடம். படிக்காமதான் போட்டேன்."

"சரி. இந்த மனுவை எதிர்த்து ஒரு பதில் குடுத்திருக்கீங்களே, அதையாவது படிச்சீங்களா?"

மேனேஜர் அதற்கும் மின்விசிறியையே கேட்டுக்கொண்டார்.

முடிவு வர இன்னும் ஒரு மாதம் பிடித்தது. சம்பவம் பணியிடத்தில், பணியின்போது நடந்தது. ஆபரேஷன் செலவும் அதுவரைக்கான பாதிச் சம்பளமும் தர வேண்டும். விபத்துப் பதிவேட்டில் உண்மையான தேதியைப் போட்டு எழுத வேண்டும். மனைவி உத்தரவை வாய்விட்டுப் படித்தாள். ஒயர்மேன் அழுதான். வெட்கமில்லாமல், சத்தம் போட்டு அழுதான்.

அந்த வாரக் கடைசியில் ஸ்டோர் கீப்பர் தகட்டை வாங்க வீட்டுக்கு வந்தார். ரெஜிஸ்டரையும் கையோடு கொண்டுவந்திருந்தார். வளைந்த ஓரத்தைத் தடவிப் பார்த்து, 'லேசான சேதம்' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?" என்றான் ஒயர்மேன். "தெரிஞ்சேதான் அப்படி எழுதினீங்களா?"

"எதனால்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல எதனாலன்னுதானே எழுத முடியும்?" பேனாவை மூடிப் பையில் செருகினார். செருப்பை மாட்டிக்கொண்டவர், நிலைப்படியில் ஒரு நொடி நின்றார். "அன்னைக்கு உன்னைத் தூக்கின எட்டுப் பேர்ல நானும் ஒருத்தன்ப்பா. எனக்கு வாயால சொல்ல தைரியம் வரல."

ஆபரேஷனுக்குக் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தொழிற்சாலை வழியாகத்தான் போக வேண்டும். முன்வாசலுக்கு நேராக வந்ததும் ஒயர்மேன் வண்டியை நிறுத்தச் சொன்னான். மணி ஆறு ஐம்பது.

பதிவேட்டில் விபத்து ஏறிவிட்டதால் பலகையின் கணக்கையும் அவன் விழுந்த நாளிலிருந்து திருத்தியிருந்தார்கள். யாரோ ஒரு புது ஆள் மேலே ஏறி நான்கைக் கழற்றி, ஓரம் வளைந்த ஐந்தை மாட்டிக்கொண்டிருந்தான். இருநூற்றுப் பதினைந்து.

"நீங்க விழுந்து இன்னைக்கு எத்தனை நாள்?" என்று மனைவி விரல் விட்டு எண்ணப் போனாள்.

"எண்ண வேண்டாம்," என்றான் அவன். "அதோ எழுதியிருக்கு."

அவன் பலகையைப் பார்க்கவில்லை. அதன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். இடது பக்கம் ஒருவன், வலது பக்கம் ஒருவன், ஏணியை இரண்டு பேர் இறுகப் பிடித்திருந்தார்கள். சற்றுத் தள்ளி நின்று, "கெட்டியாப் பிடிங்கப்பா, கெட்டியா!" என்று கத்திக்கொண்டிருந்தார் மேனேஜர்.

ஒயர்மேன் வண்டியைக் கிளப்பச் சொன்னான். அன்று அவன் ஒரே ஒரு ஆளைத்தான் கேட்டான்.